ஒயின் லிஸ்ட் நீளமா இருந்தா நல்ல ஹோட்டலா? ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது என்ன?

சிவகாசியில் பட்டாசு, அச்சுத் தொழில் செய்பவர்களுக்கு வெளிமாநில வியாபாரிகளோடு பேச்சுவார்த்தை புதுசு இல்லை. சில நேரம் அது சென்னை ஸ்டார் ஹோட்டல் டின்னரில் போய் முடியும். ஸ்டேக் சொல்லியாச்சு. அடுத்து மேசைக்கு வருகிறது, புத்தகம் மாதிரி ஒரு ஒயின் லிஸ்ட். கௌரவத்துக்காக விலை கூடினதை காட்டிவிட்டால், பில்லில் பல ஆயிரம் ஏறிவிடும். அந்த லிஸ்ட் நல்லதா, வெறும் பந்தாவா? எப்படி கண்டுபிடிப்பது?

'ஒயின் ஷாப்'னு சொல்றோமே, அது வேறயா?

வேறதான். தனியார் மதுக்கடைகள் இருந்த காலத்து 'ஒயின்ஸ்' போர்டுதான் இன்னும் பேச்சுவழக்கில் ஓடுகிறது. 1983-ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. ஆனால் அங்கே அதிகம் விற்பது பிராந்தியும் பீரும்தான். ஸ்டார் ஹோட்டல் பார்களுக்கு எஃப்.எல்.3 என்ற தனி உரிமம் உண்டு. நிஜமான ஒயின் என்பது புளிக்கவைத்த திராட்சைச் சாறு.

விருது வாங்கின லிஸ்ட்டை நம்பலாமா?

அமெரிக்காவின் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை 1981 முதல் ஒயின் லிஸ்ட்டுகளுக்கு விருது தருகிறது. 2008-ல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற விமர்சகர், இத்தாலியின் மிலன் நகரில் இல்லாத ஒரு உணவகத்தின் பேரில் 250 டாலர் கட்டணம் கட்டி விண்ணப்பித்தார். விருதும் கிடைத்தது! அந்த லிஸ்ட்டில் இருந்த விலை கூடிய சில ஒயின்கள், அதே பத்திரிகை குறைந்த மதிப்பெண் போட்டவை. லிஸ்ட்டில் பெரும்பாலானவை நல்ல ஒயின்கள்தான் என்றும், ஒவ்வொரு உணவகத்துக்கும் தாங்கள் நேரில் போவதில்லை என்றும் பத்திரிகை விளக்கம் சொன்னது. ஆக, சுவரில் மாட்டிய சான்றிதழை மட்டும் பார்த்து முடிவு பண்ண முடியாது.

அப்போ எதைப் பார்க்கணும்?

விருதுநகர் மார்க்கெட்டில் வத்தல் வாங்குபவர் என்ன கேட்பார்? எந்த ஊர் சரக்கு, புதுசா பழசா, சாம்பிள் எங்கே? ஒயினுக்கும் அதே கேள்விகள்தான்.

● ஊரும் வருஷமும்: தயாரித்த நிறுவனம், ஊர், திராட்சை ரகம், அறுவடை ஆண்டு நாலும் லிஸ்ட்டில் இருக்கணும். வெறும் 'ரெட் ஒயின்' என்று போட்டிருந்தால் கேள்வி கேளுங்க.

● விலை வரிசை: குறைந்த விலை, நடுத்தர விலை இரண்டிலும் தேர்வு செய்ய நாலைந்து இருந்தால் நல்ல லிஸ்ட். நாசிக், நந்தி மலைப் பகுதி இந்திய ஒயின்கள் இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு ஒயின் விலைக்கு முக்கியக் காரணம் 150 சதவீத சுங்க வரி. 2022 டிசம்பரில் அமலான ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயினுக்கு இது படிப்படியாகக் குறைகிறது.

● கிளாஸ் கணக்கு: 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் 5 கிளாஸ் வரும். ஒரு கிளாஸ் விலையை 5-ஆல் பெருக்கி பாட்டில் விலையோடு ஒப்பிடுங்க. பாட்டில் எப்போது திறந்தது என்றும் கேளுங்க. திறந்து சில நாளானால் ருசி போய்விடும்.

● சாம்பிள்: முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது பிடிக்குதா என்று கேட்க இல்லை, கெட்டுப்போயிருக்கா என்று பார்க்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வந்தால் மாற்றித் தரச் சொல்லலாம்.

● சூடு: ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி சரி. நம்ம ஊர் அறை வெப்பத்தில் வைத்த பாட்டில் வேண்டாம்.

ஸ்டேக்குக்கு ஏன் ரெட் ஒயின்?

ரெட் ஒயினில் 'டானின்' என்ற துவர்ப்பு உண்டு. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அதை மட்டுப்படுத்தும். கேபர்நே சாவின்யான், மால்பெக் ரகங்களைப் பரிந்துரைப்பது இதனால்தான். ஆனால் மிளகு, வத்தல் தூக்கலான மட்டன் சுக்காவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. காரம் துவர்ப்பையும் ஆல்கஹால் எரிச்சலையும் கூட்டிவிடும். அதற்கு லேசான இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ஒயிட் ஒயின் பொருந்தும்.

பில்லில் என்ன பார்க்கணும்?

சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., மதுவுக்கு மாநில வாட் வரி. இரண்டும் தனித்தனியாக இருக்கணும். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

தெரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். 'இந்த விலைக்குள்ள எது நல்லா இருக்கும்?' என்று கேட்டுப் பாருங்க. கேட்ட விலைக்குள்ளேயே ஒன்றைக் காட்டி, ஏன் என்றும் சொன்னால் அது நல்ல இடம். விலையை ஏற்றிவிடவே பார்த்தால், லிஸ்ட் எத்தனை பக்கம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

(தமிழ்நாட்டில் 21 வயதுக்குட்பட்டோர் மது வாங்கவோ அருந்தவோ அனுமதி இல்லை. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவது குற்றம். மது உடல்நலத்துக்குக் கேடு.)