காற்றின் கணக்கும் கிணற்றின் நீரும்

சென்னைக் கடற்கரையிலிருந்து இராயபுரம் வழியாக வரும் இருப்புப்பாதையும், சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் இருப்புப்பாதையும் கொருக்குப்பேட்டையில் கூடி வடக்கே செல்கின்றன. அங்கே சரக்கு வண்டியிலிருந்து எஞ்சினைக் கழற்றும்போது, ‘புஸ்’ என்று காற்று சீறுவதைக் கேட்கலாம். எஞ்சினிலுள்ள கம்ப்ரஸர் அழுத்தித் தரும் அக்காற்றே பிரேக்கை ஆள்கிறது. பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை சக்கரங்கள் உருளும். அது குறைந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். இவ்வாறு அழுத்தப்பட்ட காற்றுதான் நம் சிற்றூர்களின் ஆழ்குழாய்க் கிணறுகளிலும் நீரை மேலே தள்ளுகிறது.

கம்ப்ரஸர் வாங்குவோர் பலர் அதன் குதிரைத்திறனை மட்டுமே கேட்கின்றனர். அது போதாது. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றை, எந்த அழுத்தத்தில் தரும் என்பதையே முதலில் கேட்டல் வேண்டும்.

பாயிலின் விதி

வெப்பநிலை மாறாதிருப்பின், காற்றின் அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் கனஅளவு அத்தனையில் ஒரு பங்காகச் சுருங்கும். 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. இக்கணக்கில், அழுத்தமானி காட்டும் எண்ணுடன் வெளிக்காற்றின் அழுத்தமாகிய 1-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு கிணற்றில் நீர் 30 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. காற்றுக்குழாயின் நுனி 90 மீட்டரில் இருக்கிறது எனக் கொள்வோம். நுனியின்மேல் 60 மீட்டர் நீர் உள்ளது. 10 மீட்டர் நீருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் ஆதலால், காற்று வெளிப்பட 6 கிலோ வேண்டும். வெளிக்காற்றையும் சேர்த்தால் 7. ஆகவே, 7 லிட்டர் வெளிக்காற்று அங்கே 1 லிட்டராகச் சுருங்கும்.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. அடுத்த ஆண்டு நீர் வெளிப்படத் தொடங்கும்போது மானி 4 கிலோவே காட்டினால், நுனியின்மேல் 40 மீட்டர் நீரே எஞ்சியுள்ளது. நீர்மட்டம் 50 மீட்டருக்கு இறங்கிவிட்டது என்று அறியலாம்.

வெப்பத்தின் வேலை

காற்றை விரைந்து அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரிக் காற்றைக் குளிர்விக்காமல் ஒரே மூச்சில் 7 மடங்கு அழுத்தினால், கணக்கின்படி 250 டிகிரிக்கு மேல் செல்லும். இரண்டு கட்டமாக அழுத்தி இடையே குளிர்வித்தால் 130 டிகிரிக்குள் அடங்கும். எண்ணெய் கருகாது, மின்சாரமும் மிச்சமாகும். வெயிலில் 45 டிகிரிக் காற்றை உறிஞ்சும் யந்திரம், நிழலில் 30 டிகிரிக் காற்றை உறிஞ்சுவதைவிட 5 சதவீதம் குறைவாகவே காற்றைத் தரும். ஆகவே காற்று புகும் வாய் நிழலில் இருத்தல் நன்று.

எளிய சோதனை

100 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் வீச்சும் உடைய சிலிண்டர் ஒன்று நிமிடத்திற்கு 800 சுற்று ஓடினால், பிஸ்டன் தள்ளும் இடம் 500 லிட்டர். ஆனால் பிஸ்டன் மேலே வந்தபின்பும் சிறிது காற்று சிலிண்டரில் தங்கிவிடும். அது விரிந்து புதுக்காற்றின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அவ்விடம் 5 சதவீதமாயின், 7 மடங்கு அழுத்தத்தில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 415 லிட்டரே கிடைக்கும்.

200 லிட்டர் தொட்டியை 6 கிலோ வரை நிரப்ப 1,200 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். எனவே மேற்படி யந்திரம் ஏறக்குறைய 3 நிமிடத்தில் நிரப்ப வேண்டும். 5 நிமிடம் ஆனால் வால்வோ, பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். குழாயில் கசிவும் இருக்கலாம். கடிகாரம் ஒன்றே இச்சோதனைக்குப் போதும்.

தொட்டியின் பாதுகாப்பு வால்வை எக்காரணத்தாலும் அடைத்தல் கூடாது. தொட்டி வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அடியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். இல்லையேல் தகடு துருப்பிடித்து மெலியும்.

நீர் அதிகம் ஊறும் அகன்ற துளைக்கு நீர்மூழ்கிப் பம்பே சிக்கனமானது. மணல் கலந்த, ஊற்று குறைந்த, ஒடுங்கிய துளைகளுக்குக் கம்ப்ரஸர் ஏற்றது. இரண்டில் எதுவாயினும், மானி காட்டும் எண்ணையும் தொட்டி நிரம்பும் நேரத்தையும் மாதந்தோறும் பஞ்சாயத்து ஏட்டில் குறித்து வைப்போமாக. யந்திரத்தின் தேய்வையும் நிலத்தடி நீரின் இறக்கத்தையும் அவ்வேடு நமக்கு முன்கூட்டியே அறிவிக்கும்.