இறைப்புக் கூலியும் இரண்டு கோடுகளும்

சொந்தக் கிணறும் சொந்த இயந்திரமும் இருந்த நாளில் இறைப்புக் கூலி பற்றிப் பேச்சே எழவில்லை. இடம்பெயர்ந்த இடத்திலோ காணியும் குத்தகை, இயந்திரமும் வாடகை. கையிலுள்ள காசு ஒரு போகத்துக்குத் தாங்குமா என்பதை முன்கூட்டியே அறிய ஒரு வழியுண்டு.

கணக்கிற்காக இரண்டு இயந்திரக்காரரை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்ச் செலவு இருவருடையதே. முதலாமவர் மணிக்கு 400 ரூபா கேட்கிறார். மற்றவர் கொண்டுவந்து பூட்ட 600 ரூபாவும், பின்னர் மணிக்கு 250 ரூபாவும் கேட்கிறார். யார் மலிவு?

பிள்ளையின் சதுரக்கோட்டுக் கொப்பியில் கிடையாக மணித்தியாலத்தையும் நிலைக்குத்தாக ரூபாவையும் குறியுங்கள். முதலாமவரின் கோடு பூச்சியத்தில் தொடங்கும். நேரம் இருமடங்கானால் கூலியும் இருமடங்கு, இதுவே நேர்விகிதசமன். மற்றவரின் கோடு 600இல் தொடங்குகிறது. 2 மணிக்கு 1,100, 4 மணிக்கு 1,600, இருமடங்கு அல்ல. ஆனால் அது மெதுவாகவே ஏறும். ஒரு மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதைப் படித்திறன் என்பர். முதற்கோட்டுக்கு அது 400, மற்றதற்கு 250. 4 மணியில் இரண்டும் சந்திக்கின்றன.

3 மணி இறைப்பவருக்கு முதலாமவரே மலிவு: 1,200 ரூபா. மற்றவரிடம் 1,350 ஆகும். ஆனால் அடுத்தடுத்த வெங்காயத் தோட்டக்காரர் இருவர், தலா 3 மணியை ஒரே நாளில் சேர்த்து மற்றவரைப் பிடித்தால், 6 மணிக்கு 2,100, ஆளுக்கு 1,050. ஒரு தடவைக்கு 150 ரூபா மீதி. போகத்தில் 20 தடவை இறைத்தால் ஆளுக்கு 3,000 ரூபா.

சிலர் மொத்தத் தொகையை மட்டுமே சொல்வார்கள். அப்போது இரண்டு நாட்கணக்கைக் கேளுங்கள். 2 மணிக்கு 1,100, 5 மணிக்கு 1,850 என்றால், 3 மணிக்கு 750 கூடியிருக்கிறது; ஆகவே மணிக்கு 250. இரண்டு மணிக்கான 500ஐ 1,100இல் கழித்தால், சொல்லாமல் விட்ட 600 வெளியே வரும்.

இன்னொன்று. தேய்ந்த இயந்திரத்தின் ஒரு மணியும் நல்ல இயந்திரத்தின் ஒரு மணியும் ஒன்றல்ல. மணிக்கு 350க்கு வரும் தேய்ந்த இயந்திரம் 4 பரப்பை இறைக்க 4 மணி எடுத்தால் 1,400. மணிக்கு 400 கேட்பவர் 3 மணியில் முடித்தால் 1,200. பரப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்தே ஆளைப் பிடியுங்கள்.