கோபுரம் இல்லாத வலையில் வழி தேடுதல்

செல்பேசிக் கோபுரமோ ரவுட்டரோ இல்லாத இடத்திலும், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கருவிகள் வைஃபை, புளூடூத் அலைகளால் தாங்களே ஒரு வலையை அமைத்துக்கொள்ள முடியும். இதுவே அட்-ஹாக் வலை. அலை எட்டாத கருவிக்குப் போகவேண்டிய செய்தியை நடுவிலுள்ள கருவிகள் கைமாற்றிக் கொடுக்கும்.

கருவிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். 2003-இல் வெளியான ஓ.எல்.எஸ்.ஆர். நெறிமுறை, எல்லா வழிகளையும் எந்நேரமும் தெரிந்துவைத்திருக்கும். யாரும் பேசாதபோதும் பேட்டரி தீரும். அதே ஆண்டு வெளியான ஏ.ஓ.டி.வி., தேவை வரும்போது மட்டுமே தேடும். அதுவும் காணாமல் போன ஆட்டை முதலில் நம் தெருவிலும் பிறகு அடுத்த தெருவிலும் தேடுவதைப் போல: முதலில் ஒரு தாவல் (ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு) தொலைவு, பிறகு மூன்று, ஐந்து, ஏழு. அப்போதும் கிடைக்காவிட்டால்தான் வலை முழுவதும் கேட்கும்.

ஏ.ஓ.டி.வி.யின் உண்மையான நுட்பம் ஒரு வரிசை எண்ணில் இருக்கிறது. அ, ஆ, இ என்று மூன்று கருவிகள். இ-க்குச் செல்ல ஆ-தான் வழி என்று அ ஒரு வரிசை எண்ணோடு குறித்து வைத்திருக்கிறது. இ விலகிப்போய்விட, ஆ வழி கேட்கிறது. அ தன் பழைய குறிப்பை நம்பி "எனக்குத் தெரியும்" என்றால், செய்தி அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க, இணைப்பு அறுந்ததுமே ஆ, இ-க்குரிய எண்ணை ஒன்று கூட்டி, அந்த எண்ணோடு கேட்கிறது. அ-விடம் இருப்பதோ அதைவிடச் சிறிய, அதாவது பழைய எண். ஆகவே அது பதில் சொல்லக்கூடாது. எது புதிய செய்தி என்று அறியக் கடிகாரங்களை ஒத்துப்பார்க்கவே தேவையில்லை! 1994-இல் பெர்கின்ஸ், பகவத் இருவரும் வகுத்த டி.எஸ்.டி.வி. நெறிமுறையிலிருந்து வந்த யோசனை இது.

வழியே இல்லாதபோதும் செய்தி போகும். கென்யாவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வரிக்குதிரைகளின் கழுத்தில் கட்டிய பட்டைகள், விலங்குகள் சந்திக்கும்போதெல்லாம் தகவலைப் பரிமாறிக்கொண்டன. தாமதமானாலும் தகவல் ஆய்வாளரைச் சேர்ந்தது.

பேரிடரில் கோபுரங்கள் சாயும்போது மக்கள் கையில் இருப்பவை செல்பேசிகள்தாம். அவற்றின் வானொலிப் பகுதி இந்த வேலைக்குப் போதும்; ஆனால் ஆண்ட்ராய்டு, வைஃபையின் அட்-ஹாக் முறையைப் பயனருக்குத் திறந்துவிடவில்லை. இது வருந்தத்தக்க புறக்கணிப்பு. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய செர்வல் திட்டம், கோபுரம் இல்லாமலே செல்பேசிகளைப் பேசவைத்தது. அட்-ஹாக் முறையில் அதைச் செய்ய, முதலில் செல்பேசியை ரூட் செய்து பூட்டை உடைக்க வேண்டியிருந்தது.