போத்தலுக்குள் அடங்குமா பனங்கள்ளு?

லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் தன் வீட்டுக் குசினியில் 20 லீற்றர் 'ஏல்' காய்ச்சலாம். ஏல் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையில் செய்யப்படும் பழைய வகைப் பியர். காய்ச்சியதைப் போத்தல்களில் அடைத்து, நத்தாருக்கு வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுக்கலாம். விற்காதவரை அவரிடம் யாரும் அனுமதிப்பத்திரம் கேட்கமாட்டார்கள். அதே மனிதர் விடுமுறையில் ஊருக்கு வந்து, தன் அப்பு நட்ட பனையில் அனுமதியின்றிக் கள்ளுச் சீவுவித்தால், அது ஒரு போத்தல் அளவாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் குற்றம்.

சரி, அனுமதியும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கள்ளை அவரால் ஏலைப் போலப் போத்தலில் அடைத்து மாதக்கணக்கில் வைத்திருக்க முடியுமா? முடியாது. மூடியை இறுக்கி அலுமாரிக்குள் வைத்தால் போத்தல் வெடிக்கும். மூடியைத் தளர்த்தி வைத்தால் வினாகிரி கிடைக்கும்.

ஏல் போத்தலில் வாழ்கிறது, கள்ளு ஏன் வாழ்வதில்லை? இது விஞ்ஞானக் கேள்வி. லண்டனில் உள்ள உரிமை ஊரில் ஏன் இல்லை? இது சட்டத்தைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் கிடைக்கும் பதில்தான் வடக்கில் பனையேறும் சீவல் தொழிலாளியின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

மரத்திலேயே தொடங்கும் நொதிப்பு

பியர் காய்ச்சுபவர் நொதிப்பைத் தானே தொடக்கி வைக்கிறார். வாற்கோதுமையைச் சுடுநீரில் ஊறவைத்து, அதன் மாப்பொருளைச் சீனியாக்கி, வடித்த சாற்றைக் கொதிக்க வைக்கிறார். கொதித்த சாற்றில் உயிருள்ள நுண்ணங்கி எதுவும் மிஞ்சாது. ஆறிய பின்னர், நமது பாடப்புத்தகங்கள் மதுவம் என்று சொல்லும் ஈஸ்ட்டைச் சேர்க்கிறார். எப்போது தொடங்குவது, எந்த மதுவத்தைப் போடுவது, எவ்வளவு வெப்பநிலையில் வைப்பது என்பதெல்லாம் அவர் கையில்.

கள்ளில் இந்த வசதி எதுவும் இல்லை. பாளையைக் கட்டி, தட்டி, நாள்தோறும் காலையும் மாலையும் நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டுகிறது. சொட்டும்போது அது கள்ளு அல்ல. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சீனி கலந்த இனிப்பு நீர். புளிப்போ வெறியோ அதில் இல்லை. ஆனால் பாளையின் வெட்டுவாயிலும், காற்றிலும், வந்து மொய்க்கும் பூச்சிகளின் காலிலும், நேற்றைய கள்ளின் ஈரம் காயாத முட்டியின் சுவரிலும் மதுவமும் பற்றீரியாவும் காத்திருக்கின்றன. முட்டி நிறையும் முன்பே நொதிப்புத் தொடங்கிவிடும். தொழிலாளி முட்டியை இறக்கும்போது உள்ளே நுரை பொங்கிக் கொண்டிருக்கும்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது இதைத் தடுக்கத்தான். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணங்கிகளைப் பெருகவிடாது. அப்படி இறக்கப்படுவதே நாம் கருப்பணி என்றும் பதநீர் என்றும் சொல்வது. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஆகவே கள்ளுக்கும் கருப்பணிக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு பூச்சுச் சுண்ணாம்புதான்.

சுண்ணாம்பு இல்லாத முட்டியில் முதலில் இலக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் சாற்றைப் புளிக்கச் செய்கின்றன. கூடவே மதுவம் சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. ஒரு நாளுக்குள் அற்ககோல் நூற்றுக்கு நாலைந்து பங்கு அளவுக்கு வந்துவிடும். பிறகு அசற்றிக் அமிலப் பற்றீரியாக்களின் முறை. அவை காற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தி அற்ககோலை அசற்றிக் அமிலமாக, அதாவது வினாகிரியாக, மாற்றுகின்றன. காலைக் கள்ளு இனிப்பாகவும், பின்னேரக் கள்ளு காரமாகவும், மறுநாள் கள்ளு முகத்தைச் சுளிக்க வைப்பதாகவும் இருப்பதன் காரணம் இதுதான். அனுபவசாலிகள் பிளாவை வாயில் வைத்தவுடனே எத்தனை மணிக் கள்ளென்று சொல்லிவிடுவார்கள்.

தானியம் காத்திருக்கும், பாளை காத்திராது

ஐரோப்பாவிலும் பியருக்குப் பருவம் இருந்தது. குளிரூட்டி இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சிய பியர் விரைவில் பழுதாகியது. அதனால் பவேரியாவில் 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்ரெம்பர் 29 வரை பியர் காய்ச்சவே தடை விதித்தார்கள். மார்ச்சில் சற்று வலுவாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் வைத்துக் கோடையில் குடித்தார்கள். இங்கிலாந்தில் அறுவடை முடிந்த ஒக்ரோபரில் காய்ச்சும் ஏல் பெயர் பெற்றது.

இவர்களால் பருவத்தைத் தள்ளிப்போட முடிந்ததற்குக் காரணம், மூலப்பொருள் தானியமாக இருந்ததே. வாற்கோதுமை களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். பனையின் பருவமோ மரத்தின் பருவம். தை, மாசியில் பாளைகள் வரத் தொடங்கினால் ஆண்டின் நடுப்பகுதி வரை சாறு கிடைக்கும். அந்தக் காலத்தில் தவறணைகளில் கள்ளு மிஞ்சும். மாரி வரும்போது பனங்கள்ளு இல்லை. தென்னங்கள்ளுதான் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது.

மிஞ்சிய காலத்துக் கள்ளை இல்லாத காலத்துக்குக் கொண்டுபோகப் போத்தல் தேவை. ஊரில் சீவியதை வெள்ளவத்தைக்கும் ரொறன்ரோவுக்கும் கொண்டுபோகவும் போத்தல் தேவை.

போத்தல் ஏன் வெடிக்கிறது

வீட்டில் ஏல் காய்ச்சுபவர் அதைப் போத்தலில் அடைக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் சீனி சேர்க்கிறார். லீற்றருக்கு ஏறக்குறைய 7 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. அடியில் மிஞ்சியிருக்கும் மதுவம் அந்தச் சீனியைத் தின்று, ஊற்றும்போது நுரை வருவதற்கு அளவான வாயுவை உண்டாக்குகிறது. மற்றச் சீனியெல்லாம் பெரிய பாத்திரத்தில் இரண்டு மூன்று வாரம் நொதித்து முடிந்துவிட்டது. போத்தலுக்குள் நடப்பது கடைசித் துளி வேலை மட்டும்.

கள்ளைப் பாருங்கள். புதுக் கள்ளில் லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல் சீனி தொடங்குகிறது. பாதி நொதித்து முடிந்த பிறகு அடைத்தாலும் 50 கிராம் மிஞ்சும். ஏல் காய்ச்சுபவர் அளந்து போடுவதைப்போல ஏழு மடங்கு. அவ்வளவு வாயுவையும் தாங்கும் கண்ணாடிப் போத்தல் சாதாரண வீட்டில் இல்லை. சோடா மூடி பறக்கும், அல்லது கண்ணாடி சிதறும். சிதறும் கண்ணாடி கண்ணைக் குருடாக்கக் கூடியது. ஆகவே இதை யாரும் வீட்டில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

முழுவதும் நொதித்து முடியும்வரை காத்திருந்து அடைத்தால் என்ன என்று கேட்கலாம். ஏலுக்கு அது பொருந்தும். அதற்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, சாறு முன்னரே கொதித்து, தேர்ந்தெடுத்த மதுவம் மட்டுமே உள்ளே இருப்பது. மற்றது ஹொப்ஸ் என்ற கசப்புப் பூ. அதன் கசப்பு பியரைப் புளிக்க வைக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவற்றை அடக்கிவிடும். கள்ளுக்கு இந்த இரண்டும் இல்லை. அதற்குள் ஒரு கூட்டமே குடியிருக்கிறது. மதுவம் வேலையை முடிக்கும்வரை நாம் காத்திருந்தால், பற்றீரியாக்கள் காத்திருப்பதில்லை. கள்ளு முழுவதும் நொதித்து முடியும் வேளையில் அது குடிக்க முடியாத புளிப்பாகிவிடும்.

சூடாக்கினால் மிஞ்சுவது என்ன

எனவே போத்தல் கள்ளு என்பது நிறுத்தப்பட்ட கள்ளு. 1860களில் லூயி பாஸ்டர் வைனைப் பற்றிய ஆய்வில் காட்டிய வழிதான் இது. திரவத்தைக் கொதிக்க விடாமல், 60, 70 பாகை செல்சியஸ் வரை குறிப்பிட்ட நேரம் சூடாக்கினால் அதிலுள்ள மதுவமும் பெரும்பாலான பற்றீரியாக்களும் இறந்துவிடும். கள்ளை வடிகட்டி, போத்தலில் நிரப்பி, மூடியிட்டு, சுடுநீரில் வைத்து எடுப்பார்கள். காற்று உள்ளே இல்லாததால் வினாகிரியாகும் வழியும் அடைபடும். இப்படிச் சரியாகச் செய்த கள்ளு மாதக்கணக்கில் நிற்கும்.

இழப்பும் உண்டு. சூடு பட்ட கள்ளில் உடன் கள்ளின் வாசம் குறைந்து, காய்ச்சிய வாடை ஒன்று சேரும். நாக்கில் துள்ளும் அந்த உயிர்ப்பு இருக்காது. வெளிநாட்டுத் தமிழ்க் கடையில் போத்தல் கள்ளு வாங்கிக் குடித்தவர்கள் "இது ஊர்க் கள்ளு மாதிரி இல்லை" என்று சொல்வது கலப்படத்தால்தான் என்று நினைத்துவிடக் கூடாது. உயிருள்ள பொருளை உயிரில்லாமல் ஆக்கித்தான் அது கடல் கடந்திருக்கிறது.

கலப்படப் பயம் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. சீனியும் நீரும் இரசாயனங்களும் கலந்து செய்யும் செயற்கைக் கள்ளு இந்த நாட்டில் நீண்டகாலப் பிரச்சினை. போத்தலுக்கு ஒளிபுகும் கண்ணாடி இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது மரத்திலிருந்து வந்ததா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. எந்தச் சங்கம், எந்த நாளில், எதைச் சேர்த்து அடைத்தது என்று சிட்டையில் தெளிவாக இருக்கவேண்டும் என்று குடிப்பவர்கள் கேட்பது நியாயமானது.

சட்டம் எங்கிருந்து வந்தது

பிரித்தானியர் காலத்தில் இலங்கை அரசுக்குக் கள்ளும் சாராயமும் பெரிய வருமானம். விற்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர்கள் சிலர் பெரும் பணக்காரர்களானார்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இந்தத் துறையை ஒழுங்குபடுத்தியது. அதே காலத்தில் நாடெங்கும் கள்ளுத் தவறணைகள் பெருகியதை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தது. பல திருத்தங்களோடு அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியின்றிக் கள்ளுச் சீவுவதும் விற்பதும் அதன்படி குற்றம்.

சட்டத்தைத் தந்த நாடு என்ன செய்தது? பிரித்தானியாவில் வீட்டில் பியர் காய்ச்ச 1880 முதல் அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அதை நீக்கினார். ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வளர்ந்தோராக உள்ள வீடு ஆண்டுக்கு 200 கலன் வரை வரியின்றிக் காய்ச்ச வழிவிட்டது. பின்னாளில் அங்கே தோன்றிய சிறு பியர் ஆலைகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் வீட்டுக் குசினியில் பழகியவர்களே.

நம்மூரிலும் எல்லோரும் வீட்டில் கள்ளுச் சீவலாம் என்று சட்டத்தை மாற்றவேண்டும் என்பதல்ல இங்கு சொல்ல வருவது. மதுவால் சீரழியும் குடும்பங்கள் வடக்கில் நம் கண்முன் இருக்கின்றன. கசிப்பின் கொடுமையும் தெரிந்ததே. ஆனால் நாலைந்து வீத அற்ககோல் உள்ள, இரண்டு நாளில் தானாகவே பழுதாகும் ஒரு பானத்தை வடித்த சாராயத்தோடு ஒரே கண்ணால் பார்க்கும் சட்டத்தில், மரமேறுபவருக்கு இடம் மிகக் குறைவு.

மரமேறுபவருக்கு என்ன கிடைக்கும்

1970களில் உருவான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளியைத் தவறணை முதலாளியின் பிடியிலிருந்து விடுவிக்கும் முயற்சி. கள்ளைச் சங்கம் வாங்கும், சங்கமே விற்கும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. மிஞ்சும் கள்ளைப் பனஞ்சாராயமாக வடிக்க வடமராட்சியில் திக்கம் வடிசாலை அமைக்கப்பட்டது. பின்னர் போர் வந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணைகள் வட்டை முறித்தன. மரம் ஏறும் கைகளும் குறைந்தன.

குறைந்ததற்குப் போர் மட்டும் காரணமல்ல. கள்ளைக் குடித்தவர்களை ஊர் இழிவாகப் பார்க்கவில்லை. அதை இறக்கியவர்களைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்தியது. அந்தத் தொழிலாளியின் மகன் மரமேற மறுத்தால் அதில் பிழை காண நமக்கு உரிமையில்லை. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கி, விழுந்தால் இடுப்பு முறியும் ஆபத்தோடு செய்யும் வேலை, ஆண்டில் பாதிக்குத்தான் சோறு போடுகிறது என்றால் யார் அதைத் தொடர்வார்?

இந்த இடத்தில்தான் போத்தல் ஒரு பானத்தின் கதையாக மட்டும் இல்லாமல் போகிறது. பருவத்தில் மிஞ்சும் கள்ளு அன்றைக்கே விற்றாக வேண்டும் என்றால் விலையைத் தீர்மானிப்பது வாங்குபவர். நாலு மாதம் வைத்து விற்கலாம் என்றால் சங்கத்துக்கும் பேசும் வலு வருகிறது. அதற்குத் தேவைப்படுவது பெரிய தொழிற்சாலை அல்ல. துப்புரவான முட்டிகள், இறக்கிய சில மணி நேரத்துக்குள் கள்ளைக் குளிரூட்டும் வசதி, அளந்து சூடாக்கும் தொட்டி, தரம் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள், இவ்வளவையும் பிரதேசச் சங்கம் ஒன்று வைத்து நடத்தக்கூடிய அனுமதி. அந்தப் போத்தலின் இலாபம் ஏறுபவருக்குத் திரும்ப வரும் கணக்கு முறையும் வேண்டும். இல்லாவிட்டால் 1912இன் குத்தகைக்காரர்களுக்குப் பதிலாக ஏற்றுமதிக்காரர்கள் வந்ததாக மட்டுமே முடியும்.

உடன் கள்ளைப் போத்தலில் அடைக்க முடியாது. அதைக் குடிக்க வேண்டுமானால் காலையில் பனைக்குக் கீழே போய்த்தான் நிற்கவேண்டும். அப்போது முட்டியோடு இறங்கிவர மேலே ஒருவர் இருக்கவேண்டும். மாரிகாலத்தில் விற்கப்படும் போத்தல்கள்தான் அவரை அடுத்த தை மாதமும் மரமேற வைக்கும்.