வெள்ளியங்கிரி மலையேற்றமும் மூத்தோருக்கான உடல்நலக் கட்டுப்பாடுகளும்

வெள்ளியங்கிரி மலையேற்றம் என்பது கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள வெள்ளியங்கிரி ஆண்டவர் குகைக்கோயிலுக்கு ஆண்டுதோறும் பக்தர்கள் மேற்கொள்ளும் நடைப்பயணம் ஆகும். தென்கயிலாயம் என்றும் அழைக்கப்படும் இம்மலைக்குக் கொங்கு நாட்டிலிருந்து மட்டுமன்றிப் பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். வழியில் உடல்நலம் குன்றிச் சிலர் இறக்க நேர்ந்ததால், முதியோரும் நோயுடையோரும் மலையேறுவது தொடர்பான கட்டுப்பாடுகள் முக்கியத்துவம் பெற்றுள்ளன.

மலையும் பாதையும்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிமீ தொலைவில் உள்ள பூண்டி அடிவாரத்தில் பாதை தொடங்குகின்றது. ஏழு மலைகளைக் கடந்து உச்சியை அடைய ஏறத்தாழ 6 கிமீ நடக்க வேண்டும். உச்சியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சற்றொப்ப 1,800 மீட்டர் ஆகும். முதல் மலையில் செங்குத்தான படிகள் உள்ளன. ஏழாவது மலையும் கடினமான ஏற்றம் உடையது. பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை மலையேற வனத்துறை அனுமதி வழங்குகின்றது. மகா சிவராத்திரி, சித்திரா பௌர்ணமி ஆகிய நாட்களில் கூட்டம் மிகுந்திருக்கும்.

10 முதல் 50 வயது வரையிலான பெண்கள் மலையேறுவதில்லை என்பது இங்குள்ள மரபு. இது உடல்நலம் சார்ந்த விதி அன்று. எனினும் இதன் விளைவாக, மலையேறும் பெண்களுள் பெரும்பாலானோர் 50 வயதைக் கடந்தவர்களாகவே உள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது.

உடலுக்கு நேரும் சுமை

மலை நோய் எனப்படும் உயரப் பாதிப்பு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேயே தோன்றும். எனவே வெள்ளியங்கிரியில் முதன்மையான ஆபத்து காற்றில் ஆக்சிசன் குறைவதால் அன்று, ஏற்றத்தின் உழைப்பால் வருவதாகும்.

இதனை எளிய கணக்கின் மூலம் அறியலாம். அடிவாரத்திலிருந்து உச்சி ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு மாடிக்கு 3 மீட்டர் எனக் கொண்டால், இது 400 மாடிகள் ஏறுவதற்குச் சமம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இவ்வுயரத்திற்குத் தம் உடலைத் தூக்கிச் செல்ல ஏறத்தாழ 7 இலட்சம் ஜூல் வேலை செய்ய வேண்டும். தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 700 கிலோகலோரி ஆகின்றது. இதற்கு வேண்டிய ஆக்சிசனைப் பல மணி நேரம் இடைவிடாது தசைகளுக்குக் கொண்டு சேர்ப்பது இதயத்தின் பணியாகும்.

முதுமையில் இப்பணி கடினமாகின்றது. ஒருவரின் உச்ச இதயத் துடிப்பைத் தோராயமாகக் கணிக்க 220 இலிருந்து வயதைக் கழிப்பர். 30 வயதினருக்கு இது நிமிடத்திற்கு 190. 70 வயதினருக்கு 150. ஆகவே இளைஞருக்கு எளிதாக இருக்கும் அதே வேகம், முதியவரின் இதயத்தை அதன் எல்லைக்கு அருகே கொண்டு செல்கின்றது. வெயிலைத் தவிர்க்கப் பலர் இரவில் ஏறுவதால் உறக்கமின்மையும், வியர்வையில் நனைந்த உடலின் மீது உச்சியில் வீசும் குளிர்காற்றும் சுமையைக் கூட்டுகின்றன. இறங்கும்போது முழங்கால்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. பக்தர்கள் மூங்கில் கழி ஊன்றி நடப்பது இதற்கு ஓரளவு துணைபுரிகின்றது.

மருந்துகளின் பங்கு

* சிறுநீர் பெருக்கும் இரத்த அழுத்த மருந்துகள், வியர்வையுடன் சேர்ந்து உடலின் நீரையும் உப்பையும் குறைக்கலாம்.
* இன்சுலினும் சில நீரிழிவு மாத்திரைகளும், கடும் உழைப்பின்போது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவிற்குத் தாழ்த்தலாம்.
* இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகள் விரைவில் களைப்பை உண்டாக்கலாம்.

இவற்றைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது. பயணத்திற்கு முன் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கட்டுப்பாடுகள்

இதய நோய், மூச்சுத்திணறல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை உடையோரும் முதியோரும் மலையேறுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது. மேலே சாலையோ கம்பிவட ஊர்தியோ இல்லை. மயங்கி விழுந்தவரை டோலியில் வைத்துச் சுமந்தே அடிவாரத்திற்குக் கொண்டுவர வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியமானது; இங்கோ மருத்துவ உதவி கிடைக்கப் பல மணி நேரம் ஆகலாம். இக்கட்டுப்பாடுகளின் அடிப்படைக் காரணம் இதுவே.

பிற பயணங்களுடன் ஒப்பீடு

* அமர்நாத்: குகை 3,888 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2012 இல் நேர்ந்த பல இறப்புகளை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மருத்துவச் சான்றிதழ் கட்டாயமாக உள்ளது. 2023 இல் 70 வயதைக் கடந்தோருக்கு அனுமதி இல்லை என அறிவிக்கப்பட்டது.
* கயிலாய மானசரோவர்: இந்திய அரசு நடத்தும் பயணத்திற்கு வயது வரம்பு 18 முதல் 70 வரை. உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த ஈவு) 25 ஐ மிஞ்சக் கூடாது. தில்லியிலும், பின்னர் மலைப்பாதையிலும் மருத்துவச் சோதனை உண்டு.
* ஹஜ்: கோவிட்-19 காரணமாக, 2022 இல் 65 வயதுக்கு உட்பட்டோரை மட்டுமே சவூதி அரேபியா அனுமதித்தது. 2023 இல் இவ்வரம்பு நீக்கப்பட்டது.
* சொகுசுக் கப்பல்கள்: 2020 பிப்ரவரியில் டயமண்ட் பிரின்சசு கப்பலில் இருந்த 3,711 பேருள் 700 க்கும் மேற்பட்டோருக்குக் கோவிட்-19 தொற்றியது. அடுத்த மாதம் சில நிறுவனங்கள் 70 வயதைக் கடந்தோரிடம் மருத்துவச் சான்று கோரின. நடுக்கடலிலும் பெரிய மருத்துவமனை தொலைவிலேயே உள்ளது.

வயதா, உடல்நிலையா?

வயது வரம்பு செயல்படுத்த எளிதானது. ஆயினும் அது உடல்நிலையைச் சரியாகக் காட்டும் அளவுகோல் அன்று. 2024 மார்ச்சு இறுதியில் வெள்ளியங்கிரியில் இறந்த மூவருள் ஒருவர் 68 வயதினர். மற்ற இருவர் 40, 35 வயதினர். நாள்தோறும் வயல்வேலை செய்யும் 65 வயது விவசாயி, அமர்ந்தே பணிபுரியும் 40 வயது அலுவலரை விட நலமாக ஏறிவிடக் கூடும். அதே சமயம், முதியோரிடமும் நீரிழிவு உடையோரிடமும் நெஞ்சுவலி இன்றியே மாரடைப்பு ஏற்படலாம் என்பதால், நலமாக இருப்பதாக உணர்வது மட்டும் போதிய சான்று ஆகாது. இதய மின்னலை வரைவு, டிரெட்மில் சோதனை ஆகியவை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஏறும்போது முழு வாக்கியம் பேச இயலாத அளவிற்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் ஆகியவை தோன்றினால் உடனே அமர்ந்து உதவி கோருதல் வேண்டும். உச்சி அண்மையில் உள்ளது எனக் கருதித் தொடர்வது உயிருக்கு ஆபத்தாகலாம்.

மலையேற இயலாதோர்

பூண்டி அடிவாரக் கோயிலில் வெள்ளியங்கிரி ஆண்டவருக்கும் மனோன்மணி அம்மனுக்கும் சந்நிதிகள் உள்ளன. மலையேற இயலாத முதியோர் ஆண்டு முழுவதும் இங்கு வழிபடலாம்.