மின்சாரம் இல்லாவிட்டால் கார் கதவு திறக்குமா?

புதிதாக வரும் மின்சாரக் கார்கள் பலவற்றில் கதவுக் கைப்பிடி கண்ணில் படாது. சிலவற்றில், சாவியோடு அருகில் போனால் வெளியே நீளும், வண்டி கிளம்பினால் உள்ளே போய்விடும். டாடா கர்வ், மஹிந்திரா பிஇ 6, எம்ஜி விண்ட்சர் என்று நம் சாலைகளில் ஓடும் வண்டிகளிலேயே ஒளிந்த கைப்பிடியைப் பார்க்கலாம். காற்றின் எதிர்ப்பு குறைந்து, ஒரு சார்ஜில் கொஞ்சம் கூடுதலாக ஓடும் என்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

கைப்பிடி ஒளிந்திருப்பதை மட்டும் வைத்து ஒரு காரை ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. கதவைப் பிடித்திருக்கும் கொக்கியை எது விடுவிக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியில் கைப்பிடியை இழுத்தால் கதவுக்குள் இருக்கும் கம்பி கொக்கியை இழுக்கும். சில புதிய வண்டிகளில் கைப்பிடி மட்டும் மோட்டாரில் நீளும், கம்பி அப்படியே இருக்கும். வேறு சிலவற்றில் கொக்கியை விடுவிப்பதே ஒரு சின்ன மோட்டார்தான். அதற்கு மின்சாரம் கொடுப்பது, பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிப்போனாலோ, மோதலில் ஒயர் அறுந்தாலோ, வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியில் நிறைய சார்ஜ் இருந்தும் கதவு திறக்காமல் போகலாம்.

அமெரிக்காவில் இதுதான் நடந்தது. 2021 மாடல் டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 குறித்து அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. பெற்றோர் கீழே இறங்கிவிட்டார்கள், குழந்தை உள்ளே இருக்கிறது, கதவு திறக்கவில்லை என்று புகார்கள் வந்தன. சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அவசரத்துக்குக் கையால் திறக்கும் வழி அந்தக் காரின் உள்ளே உண்டு. ஆனால் பின் கதவில் அது இருக்கும் இடத்தைக் கேளுங்கள்: கதவுப் பையின் அடியில் விரித்திருக்கும் விரிப்பை எடுத்து, ஒரு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கேபிளை இழுக்க வேண்டும். எல்லா மாடல் ஒய் வண்டிகளிலும் பின் கதவுக்கு இந்த வசதி கிடையாது. இருந்தாலும், குழந்தை இருக்கையில் கட்டிப்போட்ட இரண்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் எப்படிச் செய்யும்?

2025 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் ஷியோமி மின்சாரக் கார் ஒன்று மோதித் தீப்பிடித்தது. ஓடி வந்தவர்கள் கண்ணாடியைக் குத்தியும் உதைத்தும் பார்த்தார்கள், கதவு திறக்கவில்லை. ஓட்டியவர் இறந்துபோனார். 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல் கார்களின் கதவுகளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மின்சாரம் இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று சீன அரசு விதி போட்டுவிட்டது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மேட்டூரும் கல்லணையும் திறந்த பிறகு புது ஆறும் வெண்ணாறும் வெட்டாறும் கரை நிறைய ஓடும். கரையை ஒட்டிய சாலையில் எதிரே நெல் மூட்டை ஏற்றிய லாரி வந்தால் ஒதுங்க இடமிருக்காது. கார் ஆற்றில் இறங்கிவிட்டால் வெளியே இருக்கும் நீரின் அழுத்தம் எந்தக் கதவையும் லேசில் திறக்க விடாது. கதவோடு போராடாமல் சீட் பெல்ட்டைக் கழற்றி, முதல் சில நொடிகளிலேயே ஜன்னலை இறக்கி வெளியேற வேண்டும். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆனால் சில கார்களில் பக்கக் கண்ணாடியும் முன் கண்ணாடியைப் போல இரண்டடுக்கு. அடித்தால் விரிசல் விடும், உதிராது. உங்கள் காரில் எந்தக் கண்ணாடி என்று கேட்டு வையுங்கள்.

வெயிலில் பூட்டி நிற்கும் காரும் சாதாரணமானதல்ல. 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன 4 குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தார்கள். அது மின்சாரக் கைப்பிடியால் நேர்ந்தது அல்ல. ஆனாலும் பூட்டிய காருக்குள் சிக்கும் குழந்தைக்கு என்ன நேரும் என்பதற்கு அதுவே சாட்சி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் கார் சும்மா நிற்கும் வீடுகள் இங்கே நிறைய. அப்படி நிற்கும் வண்டியில்தான் 12 வோல்ட் பேட்டரி இறங்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் சீனாவைப் போல நாள் குறித்து, கையால் திறக்கும் வழியைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நம் ஜாக்கிரதை நம்மிடம். டெலிவரி எடுக்கும் அன்று, மின்சாரம் இல்லாமல் நான்கு கதவுகளையும் உள்ளிருந்து எப்படித் திறப்பது, வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று ஷோரூம்காரரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து அவர்கள் கையாலேயே திறக்கச் செய்யுங்கள்.