ஜவ்வரிசி ஊரில் நீரிழிவு

நீரிழிவு இனிப்பு மிகுதியாக உண்பவர்க்கு வரும் நோய் என்ற எண்ணம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இன்றும் வலுவாக இருப்பதால், காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்ட பலர் இலையில் குவியும் சோற்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் சோறு, இட்லி, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றின் மாவுச்சத்தும் குடலில் சிதைந்து, குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அது உடலணுக்களுக்குள் சென்று ஆற்றலாக மாறக் கணையம் சுரக்கும் இன்சுலின் துணைபுரிகிறது. இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துபோவது முதல் வகை நீரிழிவு. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும் இதற்கு இன்சுலின் ஊசி இன்றியமையாதது. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காமல், நாளடைவில் சுரப்பும் குறைவது இரண்டாம் வகை. நாட்டில் காணப்படும் நீரிழிவில் மிகப் பெரும்பகுதி இதுவே.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியை மாவுச்சத்து உணவுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பாலை வடித்துப் படியவைத்து, ஈரமாவைக் குருணையாக உருட்டி, சூடேற்றி உலர்த்தும்போது, கிழங்கிலிருந்த நார் திப்பியோடு போய்விட, ஏறக்குறைய மாவுச்சத்து மட்டுமே மிஞ்சுகிறது. நோயில் கிடந்து எழுந்தவர்க்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது அது எளிதில் செரிக்கும் என்பதற்காகத்தான். நீரிழிவுள்ளவர்க்கோ அந்தப் பெருமையே கேடாகிறது, ஏனெனில் விரைவில் செரிப்பது விரைவில் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். கேழ்வரகுக்கும் இது ஓரளவு பொருந்தும். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால், சிறுதானியம் என்ற நற்பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது. சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நேரத்தில் விற்பனையாகும் தட்டுவடை செட்டில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இருப்பது உண்மையே. ஆயினும் அவற்றைத் தாங்கி நிற்பது எண்ணெயில் பொரித்த அரிசி மாவு. சோற்றைக் குறைத்து, பருப்பு, கீரை, காய், முட்டை ஆகியவற்றைக் கூட்டுவதே பயன்தரும் மாற்றம். நாமக்கல் முட்டைக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை.

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழகத்தில் நீரிழிவு 14.4 விழுக்காடு. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு சோதனையிலும் அது உறுதியானால் நீரிழிவு. 100 முதல் 125 வரை முந்தைய நிலை. இந்த எல்லையில் நிற்பவர்களே அதிகக் கவனத்துக்கு உரியவர்கள். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேரை ஏறத்தாழ 3 ஆண்டுகள் கண்காணித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனையே தந்தது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பயன் கிட்டவில்லை. நடைக்குச் செலவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தறியிலும் வெள்ளிக்கொலுசுப் பட்டறையிலும் நாள் முழுதும் அமர்ந்தே வேலை செய்பவர்க்கு அசைவு குறைவு. லாரி ஓட்டுநர்க்கு இடர் வேறு விதமானது. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை அடுத்த ஊருக்குத் தள்ளிப்போட்டால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கி, வியர்த்து, அறிவு தடுமாறும். அப்போது வண்டியை ஓரங்கட்டி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, முழுதும் தெளிந்த பின்னரே ஓட்ட வேண்டும்.

நீரிழிவு வந்த பின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையும், ஆண்டுக்கொரு முறை கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் பரிசோதனையும் தவறக் கூடாதவை. அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பரவலான தவறு. பெரும்பாலும் மாத்திரையால்தான் அளவு சரியாகியிருக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இம்மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தாலோ, பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலோ, தாகம், களைப்பு போன்ற அறிகுறிகளுக்குக் காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.